கூட்டு நிரல் பயிற்சியில் இருவர் சிந்திக்கிறார்கள், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்: இதை எப்படி மாற்றுவது?

கேள்வி: நிரல்வட்டம்

அனைவருக்கும் வணக்கம்.

நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் ஒன்றாக அமர்ந்து நிரல் எழுதிப் பழகுகிறோம். கோடிங் டோஜோ எனப்படும் நிரல் பயிற்சிக் கூடல்களில் ரண்டோரி என்று அழைக்கப்படும் முறையைப் பின்பற்றுகிறோம். ஒரே கணினி, ஒரு புரொஜெக்டர், விசைப்பலகையின் முன் இருவர். அவர்களுள் ஒருவர் தட்டச்சு செய்யும் டிரைவர், மற்றவர் அடுத்து என்ன செய்வது என்று சொல்லும் நேவிகேட்டர். ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை டிரைவர் எழுந்து பார்வையாளர் அவையில் அமர்கிறார், நேவிகேட்டர் டிரைவராகிறார், அவையிலிருந்து ஒருவர் வந்து நேவிகேட்டர் இடத்தைப் பிடிக்கிறார். டிடிடி (சோதனை வழி நிரலாக்கம்) முறைப்படி, நிரலைச் சரிபார்க்கும் சோதனை ஒன்றைத் தோற்கும் நிலையில் முதலில் எழுதி, அது தேறும் அளவுக்கு மட்டும் நிரல் எழுதி, பிறகு ரீஃபேக்டரிங் செய்து (அதாவது செயல் மாறாமல் நிரலின் அமைப்பை மட்டும் சீராக்கி), அதன் பின்னரே அடுத்த சோதனைக்குப் போக வேண்டும் என்பது எங்களுக்குள் உள்ள உடன்பாடு.

சொல்லும்போது ஒழுங்காகத்தான் இருக்கிறது. நடக்கும்போது வேறாகிவிடுகிறது. அனுபவமுள்ள இரண்டு மூன்று பேர் கணக்கைப் படித்த மாத்திரத்தில் முழுத் தீர்வையும் மனத்துக்குள் வரைந்துவிடுகிறார்கள். பின்பு அவர்கள் நேவிகேட்டராக இருந்தாலும் அவையில் இருந்தாலும், எந்த வரியில் என்ன எழுத வேண்டும் என்பதை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். புதியவர்கள் விசைப்பலகையில் அமரும்போது அதைக் கேட்டுத் தட்டச்சு செய்கிறார்கள். தங்கள் முறை முடிந்ததும் நிம்மதியாக எழுந்துபோகிறார்கள். சோதனையை முதலில் எழுதுவது என்ற ஒழுங்கும் முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகு நிற்பதில்லை; நிரல் முதலில் வந்துவிடுகிறது, சோதனை அதற்குச் சான்றிதழ் கொடுப்பதுபோல் பின்னால் வருகிறது. பெரும்பாலான வாரங்களில் கணக்கை முடிப்பதும் இல்லை. இதனால் சிலர் சலித்துப்போய் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

குழுவைக் கலைத்துவிட்டு அவரவர் தனியாகப் படித்துக்கொள்ளலாம் என்று ஒரு கருத்து எழுந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனாலும், புதியவர் உண்மையில் சிந்திக்கும்படியும் மூத்தவருக்கும் ஏதேனும் கிடைக்கும்படியும் இந்தப் பயிற்சியை நடத்துவது எப்படி என்று என்னால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. இதுபோன்ற குழுக்களை நடத்தியவர்கள், குறிப்பாக விதிகளை எந்த அளவுக்குக் கடுமையாக வைத்துக்கொண்டார்கள் என்பதை விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: சிவப்பும்பச்சையும்

நீங்கள் சொல்லும் நிலை ரண்டோரி நடத்தும் ஏறக்குறைய எல்லாக் குழுக்களிலும் வருவதுதான். இருக்கைகள் மாறுகின்றன, ஆனால் சிந்தனை இடம் மாறவில்லை. சுழற்சி என்பது விசைப்பலகையைக் கைமாற்றும் ஏற்பாடு மட்டுமே. யோசனை யாரிடமிருந்து வருகிறது என்பதை அது தீர்மானிப்பதில்லை. ஆகவே யார் எப்போது பேசலாம், பேசினால் எந்த அளவு விவரத்தில் பேசலாம் என்பதற்கு விதி வேண்டும்.

பேச்சுக்கான விதி டோஜோ மரபிலேயே இருக்கிறது. லோரான் பொஸாவி, எம்மானுவேல் கையோ ஆகியோர் 2000களின் நடுவில் பாரிஸில் தொடங்கிய குழுவிலிருந்து பல நாடுகளுக்குப் பரவிய வழக்கம் இது. சோதனை தோற்று சிவப்பாக இருக்கும் நேரத்தில் அவை வாய் திறக்கக் கூடாது. விசைப்பலகையில் இருக்கும் இருவரும் தாங்களாகவே அதைப் பச்சைக்குக் கொண்டுவர வேண்டும். அவர்களாகக் கேட்டால் மட்டும் உதவலாம். எல்லாச் சோதனைகளும் தேறிப் பச்சையாக இருக்கும்போது அவையில் யார் வேண்டுமானாலும் வடிவமைப்பைப் பற்றியும் பெயர்களைப் பற்றியும் அடுத்த சோதனையைப் பற்றியும் பேசலாம். இந்த விதியைச் சுவரில் எழுதி ஒட்டி, முதல் சில அமர்வுகளுக்கு அதைக் காப்பதை மட்டுமே வேலையாகக் கொண்ட ஒருவரை நியமியுங்கள். அவர் விசைப்பலகைக்கு வர வேண்டியதில்லை. இதில் எதிர்பாராத பயன் ஒன்றும் உண்டு: சிவப்பாக இருக்கும் நேரம் நீண்டால் அவை நெளியத் தொடங்கும், அதனால் இருவரும் இயல்பாகவே சிறிய சோதனைகளை எழுதத் தொடங்குவார்கள்.

அடுத்தது விவரத்தின் அளவு. நேவிகேட்டர் முதலில் நோக்கத்தை மட்டும் சொல்ல வேண்டும், பவுலிங் ஆட்டக் கணக்கில் என்றால் இப்படி: "மதிப்பெண் கணக்கிடும் வேலையை உருட்டும் ஃபங்ஷனிலிருந்து வெளியே எடுப்போம்." டிரைவருக்கு அது புரிந்தால் அவர் செய்துகொள்வார். புரியாவிட்டால் இடத்தைச் சொல்லலாம்: எந்தக் கோப்பு, எந்த ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதி). அதுவும் போதாவிட்டால்தான் எழுத வேண்டிய வரியைச் சொல்லலாம். உங்கள் மூத்தவர்கள் நேராக மூன்றாவது நிலையிலிருந்து தொடங்குகிறார்கள், அதனால்தான் புதியவர் தட்டச்சாளராக மாறிப்போகிறார்.

மூத்தவரும் புதியவரும் இணையாக அமரும்போது, குறைந்தபட்சம் பாதி நேரமாவது மூத்தவரை விசைப்பலகையில் உட்கார வைத்துப் பேச்சைப் புதியவரிடம் கொடுங்கள். லெவலின் ஃபால்கோ பரப்பிய ஒரு முறையின்படி, ஒருவர் மனத்திலுள்ள யோசனை கணினிக்குள் போக வேண்டுமானால் அது இன்னொருவரின் கைகள் வழியாகத்தான் போக வேண்டும். விசைப்பலகையில் இருக்கும் மூத்தவர் தாமாக எதையும் எழுத முடியாது, கேள்வி மட்டும் கேட்கலாம். புதியவர் தயங்கித் தயங்கித்தான் பேசுவார், முதல் சில முறை மௌனமும் நீளும். அந்த மௌனத்தைப் பொறுத்துக்கொள்வதுதான் அவையின் வேலை.

டிடிடி ஒழுங்கு அரை மணி நேரத்தில் கரைந்துபோவதற்குப் பெரும்பாலும் காரணம், பச்சையான நிலையில்தான் ரீஃபேக்டரிங் செய்ய வேண்டும் என்பது மீறப்படும் அந்த ஒரு கணம். பவுலிங் ஆட்டத்தின் மதிப்பெண்ணைக் கணக்கிடும் கட்டாவை, அதாவது திரும்பத் திரும்பச் செய்து பழகும் சிறு பயிற்சிக் கணக்கை, எடுத்துக்கொள்வோம். ஆட்டத்தில் பத்துச் சுற்றுகள். ஒரு சுற்றில் பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளை வீழ்த்த இரண்டு வாய்ப்புகள். முதல் சோதனை, இருபது முறை உருட்டியும் ஒன்றும் விழாவிட்டால் மதிப்பெண் 0 என்பது. ஃபங்ஷன் 0 என்று திருப்பித் தந்தாலே தேறிவிடும். இரண்டாவது சோதனை, ஒவ்வொரு முறையும் ஒரு கட்டை விழுந்தால் மொத்தம் 20. ஒவ்வோர் உருட்டலின்போதும் மொத்தத்தோடு கூட்டிக்கொண்டே வந்தால் அதுவும் தேறும். மூன்றாவது சோதனையில்தான் சிக்கல். ஒரே சுற்றின் இரண்டு வாய்ப்புகளில் பத்துக் கட்டைகளும் விழுந்தால், அடுத்த உருட்டலில் விழுவதும் அந்தச் சுற்றின் மதிப்பெண்ணோடு சேரும். முதலில் 5, பிறகு 5, அடுத்து 3, மற்றவை எல்லாம் 0 என்றால் விடை 16 வர வேண்டும். உருட்டும்போதே மொத்தத்தைக் கூட்டிவிடும் நிரலுக்கு அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியாது. இங்கேதான் எல்லாரும் ஆம், இல்லை என்று மட்டும் குறித்துவைக்கும் ஒரு கொடி மாறியை நுழைத்து, முந்தைய உருட்டலை நினைவில் வைத்து, சோதனையைச் சிவப்பாகவே விட்டுவிட்டு நிரலை அங்கும் இங்கும் கிளறுகிறார்கள்.

அந்த இடத்தில் செய்ய வேண்டியது வேறு. மூன்றாவது சோதனையைத் தற்காலிகமாக முடக்கிவிட்டுப் பச்சைக்குத் திரும்ப வேண்டும். இப்போது இருக்கும் இரண்டு சோதனைகளின் காவலில், உருட்டும் ஃபங்ஷன் எண்ணைப் பட்டியலில் சேர்க்க மட்டும் செய்யட்டும், கணக்கிடுவதைக் கடைசியில் மதிப்பெண் கேட்கும் ஃபங்ஷன் செய்யட்டும் என்று வடிவமைப்பை மாற்ற வேண்டும். இரண்டும் பச்சையாகவே இருப்பதைப் பார்த்த பிறகு மூன்றாவதைத் திறந்தால், அதற்குத் தேவையான மாற்றம் இரண்டொரு வரிதான். உங்கள் மூத்தவர் "எல்லாவற்றையும் பட்டியலில் வை" என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுவார், அது சரியான விடையும்கூட. ஆனால் அந்தப் பட்டியல் ஏன் தேவைப்பட்டது என்பதைப் புதியவர் ஒருபோதும் பார்த்திருக்க மாட்டார். மூன்றாவது சோதனையில் திணறி, பின்வாங்கி, வடிவத்தை மாற்றி முன்னேறிய அனுபவம் வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு சிறிய கணக்கை எடுத்துக்கொள்கிறோம்.

முடிக்காமல் போவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பவுலிங் கணக்கில் மேலே சொன்ன இடத்தோடு நின்றுவிட்டாலும் அமர்வு வீணாகவில்லை.

மறுமொழி: இணைகரம்

மேலே உள்ள மறுமொழியின் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒரு விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கையில் புதியவரை நேவிகேட்டராக்கி, மௌனத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவையிடம் சொல்வது அவருக்கு இழைக்கப்படும் கொடுமையாகவே முடியலாம். அவை பொறுத்துக்கொள்ளும், அவர் பொறுத்துக்கொள்வாரா என்பதுதான் கேள்வி. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவு ஒருவருக்கு முதலில் ஒரே ஒருவர் முன்னால்தான் வரும்.

எனவே புரொஜெக்டரை அணைத்துவிட்டு, கோட் ரிட்ரீட் என்ற வடிவத்தை முயன்று பார்க்கும்படி பரிந்துரைக்கிறேன். 2009இல் அமெரிக்காவில் தொடங்கி, கோரி ஹெய்ன்ஸ் முதலியோரால் பல நாடுகளுக்குப் பரவிய முறை இது. வழக்கமாக ஒரு முழு நாள் நடக்கும். எல்லாரும் இணை இணையாகப் பிரிந்து ஒரே கணக்கை 45 நிமிடம் எழுதுகிறார்கள். பெரும்பாலும் அது ஜான் கான்வே உருவாக்கி 1970இல் வெளியுலகுக்குத் தெரியவந்த வாழ்க்கை ஆட்டமாக இருக்கும்: உயிருள்ள கட்டத்துக்கு உயிருள்ள அண்டைக் கட்டங்கள் இரண்டோ மூன்றோ இருந்தால் அது பிழைக்கும், இல்லாவிட்டால் மடியும், உயிரற்ற கட்டத்துக்குச் சரியாக மூன்று இருந்தால் அது உயிர் பெறும். 45 நிமிடம் முடிந்ததும் எழுதியது முழுவதையும் அழித்துவிட வேண்டும். பிறகு அனைவரும் வட்டமாக நின்று கொஞ்ச நேரம் பேசிவிட்டு, இணையை மாற்றிக்கொண்டு அதே கணக்கைத் தொடக்கத்திலிருந்து எழுத வேண்டும்.

இரண்டு மணி நேரம் உள்ள உங்களுக்கு இதில் இரண்டு சுற்றுகள் நடத்தலாம். எல்லாரும் எல்லா நேரமும் விசைப்பலகைக்கு அருகில் இருப்பார்கள் என்பதால் பார்வையாளர் என்ற நிலையே இருக்காது. ரண்டோரியை மாதம் ஒருமுறை, எல்லாரும் ஒன்றாகப் பார்த்துப் பேச வேண்டிய கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

தொடர் கேள்வி: நிரல்வட்டம்

இருவருக்கும் நன்றி. பேச்சு விதியை அடுத்த அமர்விலேயே கொண்டுவருகிறோம். இணைகளாகப் பிரிவதும் நல்ல யோசனை. இதைக் குழுவில் சொன்னபோது மூத்தவர்களிடமிருந்து இரண்டு தடைகள் எழுந்தன. எழுதியதை அழிப்பது வீண் வேலை, அதைச் சேமித்து வைத்து அடுத்த வாரம் தொடர்ந்தால் குறைந்தபட்சம் முடிக்கவாவது செய்யலாம் என்பது ஒன்று. ஏற்கெனவே விடை தெரிந்த கணக்கைப் புதியவரோடு மீண்டும் எழுதுவதில் எங்களுக்கு என்ன கிடைக்கும் என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கு என்னிடம் நேர்மையான பதில் இல்லை.

மறுமொழி: எதிராளி

இரண்டு தடைகளுக்கும் ஒரே பதில்தான் என்று நினைக்கிறேன். விடை தெரிந்த கணக்கை விடை தெரிந்த வழியிலேயே எழுதினால் மூத்தவருக்கு ஒன்றும் கிடைக்காது, உண்மைதான். அந்த வழியை அடைத்துவிடுங்கள்.

கோட் ரிட்ரீட்டில் சுற்றுக்குச் சுற்று ஒரு கட்டுப்பாடு விதிக்கும் வழக்கம் உண்டு. இந்தச் சுற்றில் எந்த ஃபங்ஷனும் நான்கு வரிக்கு மேல் போகக் கூடாது. அடுத்த சுற்றில் நிபந்தனைக் கூற்றுகளே கூடாது. அதற்கடுத்த சுற்றில் ஒரு ஃபங்ஷனிலிருந்து இன்னொன்றுக்கு வெறும் எண்ணையோ எழுத்துச் சரத்தையோ அனுப்பக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் பெயருள்ள ஒரு வகை இருக்க வேண்டும். வாழ்க்கை ஆட்டத்தை இரட்டை அடுக்குப் பட்டியலாக நூறு முறை எழுதியவருக்கும், நிபந்தனையே இல்லாமல் எழுது என்றால் கை நின்றுவிடும். அப்போது அவரும் புதியவரும் ஏறக்குறைய ஒரே தொடக்கக் கோட்டில் நிற்கிறார்கள். சில நேரம் புதியவர் முந்திவிடுவதும் உண்டு, ஏனென்றால் அவருக்கு மறக்க வேண்டிய பழக்கம் குறைவு.

அழிப்பதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. நிரல் கையில் இருக்கும் வரை அதைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் போகாது. புதுக் கட்டுப்பாட்டுக்கு ஏற்ப அதை ஒட்டுப்போடத்தான் தோன்றும். நிரல் போய்விட்டது என்று தெரிந்தால், வேறு ஒரு முனையிலிருந்து தொடங்கிப் பார்க்க மனம் துணியும். கட்டத்தின் அண்டையர்களை எண்ணுவதிலிருந்து தொடங்கியவர், அடுத்த முறை உயிரோடிருக்கும் கட்டங்களின் தொகுப்பு மட்டும் போதும், பலகையே வேண்டாம் என்ற இடத்திலிருந்து தொடங்குவார். அழிக்காமல் சேமித்து வைத்திருந்தால் அந்த இரண்டாவது வடிவம் பிறந்திருக்காது. சேமித்து வைத்தால் முடிக்கலாம் என்பது உண்மையே. உங்களுக்கு வாழ்க்கை ஆட்டம் ஒன்று தேவையா என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு முறை இருக்கிறது. நான் பார்த்தவற்றுள் சோதனை எழுதும் திறனை இதைப் போல் வளர்ப்பது வேறில்லை. இணையில் ஒருவர் சோதனை மட்டும் எழுதுவார், மற்றவர் நிரல் மட்டும் எழுதுவார். இருவரும் பேசக் கூடாது. நிரல் எழுதுபவர் வேண்டுமென்றே குறும்புக்காரர்: சோதனையைத் தேறச் செய்வார், ஆனால் இயன்றவரை தவறான வழியில் செய்வார். இரண்டையும் மூன்றையும் கூட்டினால் ஐந்து வர வேண்டும் என்று சோதனை கேட்டால், அவர் ஐந்து என்றே திருப்பித் தருவார். நான்கையும் நான்கையும் கூட்டச் சொன்னால், முதல் எண் நான்காக இருந்தால் எட்டு, இல்லாவிட்டால் ஐந்து என்று எழுதுவார். தப்பிக்கும் இந்த வழிகளை ஒவ்வொன்றாக அடைக்கும் சோதனையை எதிரில் இருப்பவர் எழுதியாக வேண்டும். பேச முடியாததால் தம் எண்ணம் முழுவதையும் சோதனையின் பெயரிலும் எதிர்பார்க்கும் விடையிலுமே அவர் சொல்ல வேண்டியிருக்கிறது. தாம் எழுதும் சோதனைகள் எவ்வளவு ஓட்டையானவை என்பது மூத்தவர்களுக்குத் தெரியவரும் இடம் இது. பாதியில் பாத்திரங்களை மாற்றிக்கொள்ளுங்கள். குறும்புக்காரர் வேடம் புதியவர்களுக்கு மிகவும் பிடிக்கும், மூத்தவரை மடக்கும் வாய்ப்பு அவர்களுக்கு வேறெங்கே கிடைக்கும்!

இதில் கேலி மட்டும் இல்லை. டிடிடியைப் பரவலாக்கிய கென்ட் பெக் அதை விளக்கும்போது, முதலில் நிலையான விடையைத் திருப்பித் தந்து பச்சையாக்குவதையும், இரண்டாவது எடுத்துக்காட்டைக் கொண்டு பொதுவிதியை வெளிக்கொணர்வதையும், வழி தெளிவாகத் தெரியும்போது நேராக எழுதிவிடுவதையும் தனித்தனி உத்திகளாகவே வைத்திருக்கிறார். உங்கள் மூத்தவர்கள் மூன்றாவதை மட்டுமே பயன்படுத்துகிறார்கள். வழி தெளிவாகத் தெரியாத நாள் வரும்போது முதல் இரண்டும் கைவசம் இருக்க வேண்டுமே.

மறுமொழி: பழையநிரல்

இதுவரை பேசியவை எல்லாம் வெற்றுத் தாளில் தொடங்கும் கணக்குகள். நான் இதுபோன்ற குழுக்களில் அடிக்கடி கேட்ட குறை, பயிற்சியில் அழகாக வரும் டிடிடி மறுநாள் வேலையில் கைகொடுக்கவில்லை என்பதுதான். அது நியாயமான குறை. வேலையில் நம் முன்னால் இருப்பது யாரோ எழுதிவிட்டுப் போன ஆயிரம் வரி ஃபங்ஷன். அதற்குச் சோதனை கிடையாது. தரவுத்தளத்தையும் கடிகாரத்தையும் அது நேராகத் தொடுகிறது. பவுலிங் கணக்கு அந்த நிலைக்கு ஆளைத் தயார் செய்யாது.

ஆகவே மூன்றில் ஒரு அமர்வையாவது பழைய நிரல் கட்டாவுக்கு ஒதுக்குங்கள். கில்டட் ரோஸ் என்ற கட்டா பல நிரல்மொழிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு கடையின் சரக்குகள் நாளுக்கு நாள் தரம் குறைவதைக் கணக்கிடும் நிரல் அது. தரம் 0க்குக் கீழே போகாது, பொதுவாக 50க்கு மேலேயும் ஏறாது. சில பொருள்கள் நாளாக ஆகத் தரம் கூடுகின்றன. ஒரு பொருளுக்கு மட்டும் எந்த விதியும் பொருந்தாது. இவை அனைத்தும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்ட நிபந்தனைகளாக ஒரே ஃபங்ஷனில் கிடக்கின்றன. உங்கள் வேலை, இரண்டு மடங்கு வேகத்தில் தரம் குறையும் புதிய வகைப் பொருள் ஒன்றைச் சேர்ப்பது. நேராக உள்ளே புகுந்து இன்னொரு நிபந்தனையை நுழைத்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

பயிற்சிக்குரிய வழி, நிரல் என்ன செய்ய வேண்டும் என்று கேட்காமல், இப்போது என்ன செய்கிறது என்பதைப் பதிவு செய்வதில் தொடங்குகிறது. பழைய நிரலைக் கையாள்வது பற்றி நூல் எழுதிய மைக்கேல் ஃபெதர்ஸ் இத்தகைய சோதனைகளுக்குத் தனிப் பெயரே கொடுத்திருக்கிறார். எல்லா வகைப் பொருள்களையும் முப்பது நாள் ஓடவிட்டு, வரும் வெளியீட்டைக் கோப்பில் சேமித்து, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் புதிய வெளியீட்டை அதோடு ஒப்பிட வேண்டும். வேறுபாடு இல்லாவிட்டால் பச்சை. இந்த வலை விரிக்கப்பட்ட பிறகு நிபந்தனைகளைப் பிரித்து, ஒவ்வொரு பொருளுக்கும் தனி ஃபங்ஷன் ஆக்கலாம். புதிய வகை அதில் தானாகவே இடம் பிடித்துக்கொள்ளும்.

இதில் குழுவாகச் செய்ய ஏற்ற ஒரு வேலை உண்டு. வலை விரித்தாயிற்று என்று இணை அறிவித்ததும், அவையிலிருந்து ஒருவர் வந்து மூல நிரலில் எங்கேனும் ஓரிடத்தைக் கெடுக்க வேண்டும்: 50ஐ 49 ஆக்கலாம், சிறியது என்ற குறியைச் சிறியது அல்லது சமம் என்று மாற்றலாம். சோதனை அதைப் பிடித்ததா என்று பார்க்க வேண்டும். பிடிக்காவிட்டால் வலையில் ஓட்டை இருக்கிறது, தொடக்கத் தரவில் இன்னும் சில எல்லை மதிப்புகள் வேண்டும் என்று பொருள். இந்தச் சோதனையை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள், எத்தனை விழுக்காடு வரிகள் ஓடின என்ற எண்ணை மட்டும் நம்பி மறுபடி ஏமாற மாட்டார்கள்.

குழுவைக் கலைக்கலாமா என்ற பேச்சு இருப்பதால் ஆய்வுகளைப் பற்றியும் ஒரு சொல். மைக்ரோசாஃப்ட், ஐபிஎம் நிறுவனங்களின் நான்கு அணிகளைப் பற்றி 2008இல் வெளியான ஆய்வில், டிடிடி பின்பற்றிய அணிகளில் வெளியீட்டுக்கு முந்தைய பிழை அடர்த்தி, ஒத்த பிற அணிகளோடு ஒப்பிடுகையில் 40 முதல் 90 விழுக்காடு வரை குறைவாக இருந்தது; தொடக்க உருவாக்க நேரம் 15 முதல் 35 விழுக்காடு வரை கூடியதாக அணிகளின் மேலாளர்கள் மதிப்பிட்டார்கள். இணை நிரலாக்கம் பற்றிய 18 ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் வந்த பகுப்பாய்வு, தரத்தில் சிறிய முன்னேற்றமும் முடிக்கும் கால அளவில் ஓரளவு குறைவும் காணப்பட்டன, ஆனால் இருவர் உழைப்பையும் கூட்டினால் செலவு அதிகம் என்றது. உங்கள் மூத்தவர்கள் எண் கேட்டால் இவற்றைக் காட்டலாம். ஆனால் இவை வேலையைப் பற்றிய அளவைகள். பயிற்சி அமர்வில் ஒருவர் என்ன கற்றார் என்பதை இவை அளக்கவில்லை. அதற்குச் சான்றாக இவற்றை நீட்டினால் கூர்மையான ஒருவர் உடனே மடக்கிவிடுவார்.

மறுமொழி: தொலைவிலிருந்து

ஒரு துணைக் குறிப்பு. வருகை குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சிலரை வேறிடத்திலிருந்து இணைய அனுமதித்தால் திரும்பி வரலாம். ஆனால் திரையைப் பகிர்ந்துகொண்டு ஒருவரே தட்டச்சு செய்வதாக வைத்தால், நீங்கள் முதலில் சொன்ன பார்வையாளர் சிக்கல் இரு மடங்காகும்.

சுழற்சி உண்மையாக நடக்க இரண்டு வழிகளைப் பார்த்திருக்கிறேன். ஜான் ஜாகர் உருவாக்கிய சைபர் டோஜோ என்ற தளம் உலாவியிலேயே இயங்குவது, யாரும் எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஒவ்வொரு முறை சோதனை ஓடும்போதும் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குகளாக அது பதிந்துகொண்டே வரும். மஞ்சள் என்றால் நிரல் ஓடும் நிலைக்கே வரவில்லை என்று பொருள். அமர்வு முடிந்ததும் அந்த விளக்கு வரிசையை எல்லாரும் சேர்ந்து பார்ப்பது நல்ல பழக்கம். நீளமான சிவப்புத் தொடர் எங்கே இருக்கிறதோ அங்கே போய், அந்த நேரத்து நிரலைத் திறந்து, எந்தச் சோதனை பெரிதாகப் போய்விட்டது என்று பேசலாம். பொதுவாக "இன்று என்ன கற்றோம்" என்று கேட்டால் எல்லாரும் நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள். இருபது நிமிடம் சிவப்பாகக் கிடந்த ஓரிடத்தைச் சுட்டிக் கேட்டால் பேச்சு உண்மையாகவே தொடங்கும்.

அவரவர் கணினியிலேயே எழுத விரும்பினால், நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவியில் இதற்கென்று தற்காலிக பிராஞ்ச் (தனிக் கிளை) ஒன்றைத் திறந்து, ஏழு நிமிடம் முடிந்ததும் நிரல் எந்த நிலையில் இருந்தாலும் கமிட் செய்து (அதாவது பதிவு செய்து) அனுப்பிவிட வேண்டும். அடுத்தவர் அதை இழுத்துக்கொண்டு தொடர்வார். பாதியில் நிற்கும் வாக்கியத்தோடு கைமாறினாலும் பரவாயில்லை, "இதை மட்டும் முடித்துவிடுகிறேன்" என்று யாருக்கும் கூடுதல் நேரம் கொடுக்காதீர்கள். சோதனை சிவப்பாக இருக்கும்போது கைமாறினால், புதிதாக வந்த டிரைவர் தோற்ற செய்தியை முதலில் உரக்கப் படிக்க வேண்டும் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தொலைவில் இருப்பவர்களுக்குத் திரையின் எந்த மூலையைப் பார்ப்பது என்று அப்போதுதான் தெரியும்.